ஊர் அண்டாவுல வெட்டுன பேருக

ரொம்பக் காலத்துக்கு முந்தி, வெள்ளைக்காரன் போயி நாலஞ்சு வருசம் இருக்கும்னு சொல்லுதாவ, இதே வேலாங்கரையில வெயிலுகந்தான்னு ஒருத்தி இருந்தா. எங்கப்பாவுக்கு அத்தை. அவ கதையை எடுத்தாலே எனக்கு வயிறு எரியும். இருந்தாலும் சொல்லுதேன், கேளுங்க.

நாட்டுல மொத மொத எல்லாருக்கும் ஓட்டுன்னு வந்துச்சாம். ஆம்பளைக்கும் ஓட்டு, பொம்பளைக்கும் ஓட்டு. பேரெழுத ஒரு குமாஸ்தா வந்தாராம். வந்தவரு வீட்டு வீட்டுக்குப் போனாரா? போகலை. சாவடியில நாட்டாமை பக்கத்துல உக்காந்து எளநி குடிச்சிக்கிட்டே எழுதுனாராம். ஆம்பளை பேரெல்லாம் எழுதியாச்சு. பொம்பளை பேரு?

"வீட்டுப் பொம்பளை பேரை வேத்தாளுகிட்டச் சொல்லுத வழக்கம் இங்க கிடையாது. மாரி பொண்டாட்டின்னு போடும், ஆண்டி ஆத்தான்னு போடும்"னாராம் நாட்டாமை. அந்த மனுசனும் அப்படியே போட்டாராம். மானமாம்! என்ன மானமோ!

ஓட்டு நாளு வந்துச்சு. நாப்பத்து மூணு பொம்பளைக, வெளுத்த சேலை கட்டி மூணு மைல் நடந்து போனாக. ஆபீசர் பட்டியலைப் பாத்துட்டு, "சொந்தப் பேரில்லாத ஆளையெல்லாம் பட்டியல்லருந்து அடிச்சாச்சு, வீட்டுக்குப் போங்க"ன்னாராம்.

"ஐயா, நாங்க இங்கனதான நிக்கோம்? இப்பக் கேளும், சொல்லுதோம்"னா வெயிலுகந்தா.

"இப்பச் சொல்லி என்னம்மா?"

பின்னால நாட்டாமை விரல் மையோட நின்னு சிரிச்சாராம். அந்தச் சிரிப்புத்தான் அவளைக் கிளப்பி விட்டுச்சு.

தாலுகா ஆபீசுக்கு நடந்தா. விரட்டுனாக. மறுபடி நடந்தா. மறுபடி விரட்டுனாக. அதுக்குள்ள நாப்பத்து மூணுல ஒருத்தி காச்சல்ல செத்துட்டா. தன்னோட சேத்து மிச்சமிருந்த நாப்பத்து ரெண்டு பேருமா மூணாந் தடவை நடந்தாக. ஆபீஸ் வாசல்ல நின்னு ஆளாளுக்குத் தன் பேரைச் சத்தம் போட்டுச் சொன்னாளுகளாம். அடுத்த எலெக்சனுக்கு அத்தனை பேரும் பட்டியல்ல ஏறிச்சு.

இதோட முடிஞ்சிருந்தா நான் ஏன் கொதிக்கேன்? கொஞ்ச வருசத்துல பள்ளிக்கூடம் தொறந்து, சுவத்துல ஒரு கல்லு பதிச்சாக. 'இவ்வூர்ப் பெண்களுக்கு வாக்குரிமை பெற்றுத் தந்த நாட்டாமை அவர்கள்' அப்படின்னு எழுதியிருந்துச்சாம். இவரு பெத்துத் தந்தாராம்! வெக்கம் வேண்டாமா?

ஊருக்குப் பொதுவா ஒரு பித்தளை அண்டா உண்டு. கல்யாணமானாலும் கருமாதியானாலும் அதுலதான் சோறு. வெயிலுகந்தா அதை உருட்டிட்டே போயி, பாத்திரத்துல பேர் வெட்டுதவர்கிட்ட, "அண்ணாச்சி, ஆழமா வெட்டும்"னாளாம். நடந்த கதை நாலு வரி. அதுக்குக் கீழ பேருக. ஒவ்வொருத்தியும் தன் பேரைத் தானே வந்து சொன்னா.

நாட்டாமை அரத்தோட வந்து குதிச்சாராம். "ஊர் அண்டாவுல பொம்பளை பேரா? ராவி அழிச்சிருவேன்!"

"தாராளமா ராவும் மாமா. அந்த ஆழத்துக்கு ராவுனா அண்டா ஓட்டையாப் போவும். அடுத்த வாரம் உம்ம மகன் கல்யாணத்துக்கு எதுல சோறாக்குவேரு?"

மனுசன் அரத்தைத் தூக்கிட்டு வந்த வழியே போனாராம்.

காச்சல்ல செத்துப் போனாளே, அவ பேரையும் வெட்டணும்லா? அவளைப் பொறந்த ஊரை வச்சு கடம்பூர்க்காரின்னுதான் எல்லாரும் கூப்பிடுவாக. பேரு ஒருத்தருக்கும் தெரியலை. புருசன்காரன்கிட்டப் போயி கேட்டா, தலையைச் சொறிஞ்சானாம். "ஏட்டின்னு கூப்பிடுவேன், வந்துருவா"ன்னானாம். நாலு பிள்ளை பெத்தவ! வெயிலுகந்தா தன் தலையிலயே அடிச்சிக்கிட்டாளாம். "இவன்கூட எத்தனை வருசம் நானும் களையெடுத்தேன்... இல்ல, அவகூட! அவகூடத்தான களையெடுத்தேன். நானும் ஒரு நாள் கேக்கலையே!" ஆத்திரத்துல பேச்சே குழறிப் போச்சாம். அவளுக்குன்னு அண்டாவுல நாலு விரக்கடை எடம் விட்டிருக்கு. இன்னைக்கும் அதுல எந்தப் பேரும் கிடையாது.

அன்னையிலிருந்து இந்த ஊருக்கு மருமகளா எவ வந்தாலும், அந்த அண்டா முன்னால நிப்பாட்டி "ஒம் பேரென்னட்டி?"ன்னு பொம்பளைக கேப்போம். அவ வாயால அவ சொல்லணும். சொன்ன பெறகுதான் அடுப்புப் பத்தவைப்போம். மாப்பிளையோ, மாப்பிளையப் பெத்தவனோ முந்திக்கிட்டு, "எங்க வீட்டு மருமக"ன்னு பதில் சொன்னாம்னு வையி, அன்னைக்கு அவனுக்குப் பந்தியில எலை கிடையாது.