காற்று படாத நீலம்

எனக்கு நீல நிறம் அவ்வளவாகப் பிடிக்காது. என்னிடம் நீலத்தில் ஒரு துணிகூடக் கிடையாது. ஆனால் வேலை என்று வந்துவிட்டால் பிடித்தது பிடிக்காதது பார்க்க முடியுமா?

கைபேசித் திரைக்குள் எரியும் கரிம விளக்குகளில் சிவப்பும் பச்சையும் சமர்த்துப் பிள்ளைகள். கொடுத்த மின்சாரத்தை மறுபேச்சில்லாமல் ஒளியாக்கிவிடும். நீலம் அப்படியல்ல. பாதியைச் சூடாக்கி வீணடிக்கும், சீக்கிரமே உயிரையும் விடும். நான் அதன் மூலக்கூறைக் கொஞ்சம் முறுக்கிப் பார்த்தேன். வீணாய்ப் போனதெல்லாம் ஒளியாக வந்தது. ஒரே நிபந்தனை, ஆக்சிஜன் படக் கூடாது. துளி நுழைந்தாலும் ஒளி சுருண்டுவிடும். அதனால் நைட்ரஜன் நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து வளர்த்தேன்.

எங்கள் துறைத் தலைவருக்கு மூடிய பொருள் எதுவும் ஆகாது. யார் வந்தாலும் அழைத்துவந்து பெட்டியைத் திறந்து காட்டுவார். கணினித் திரையில் ஒளியின் அளவைக் காட்டும் கோடு தலைகுப்புற விழும். எனக்கு யாரையும் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. ஒரே ஒருமுறை வாய் திறந்தேன்.

"சார், திறந்தா செத்துடும் சார்."

"ஏம்மா, உன் விளக்கென்ன புதுப்பொண்ணா? மூஞ்சியக் காட்டினா கொறஞ்சா போயிடும்?"

கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் என் காதில் சொன்னார். "விடும்மா. அவரு வீட்டுல ஃபிரிட்ஜாவது மூடியிருக்குமான்னு சந்தேகம்."

தேர்வுக்குழு வருவதற்குள் கோடு ஒரு நாள் முழுக்கச் சாயாமல் நிற்க வேண்டும். இல்லையென்றால் என் ஆய்வை இழுத்து மூடிவிடுவார்கள்.

யோசித்தேன். பெட்டியைப் பூட்டினால் அவர் மனம் நோகும். ஆகவே பெட்டி இருந்த சின்ன அறையையே பெட்டியாக்கிவிட்டேன். சன்னல் இல்லாத அறை, வசதியாக இருந்தது. நைட்ரஜனை அறைக்குள் திருப்பிவிட்டேன். கதவு திறக்கும்போது கொஞ்சம் காற்று நுழையும் அல்லவா, அதற்கும் சேர்த்துக் கூடுதலாகவே விட்டேன். சுவரில் இருந்த ஆக்சிஜன் எச்சரிக்கை மணி சின்ன விஷயத்துக்கெல்லாம் கத்தும். அதை அணைத்துவைத்தேன். அண்ணனை டீ குடித்துவிட்டு வரச் சொன்னேன். பாவம், பிள்ளை குட்டிக்காரர்.

பிறகு தலைவரை நானே போய் அழைத்தேன். அவர் உள்ளே போனதும் கதவைச் சாத்திவிட்டு, வெளியே திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன். அவர் பெட்டியைத் திறந்தார். கோடு அசையவில்லை. அடிமட்டம் வைத்துக் கிழித்ததுபோல நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கதவுக் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தேன். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு உட்கார்ந்தார். பிறகு படுத்துக்கொண்டார். அவர் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததேயில்லை.

கதவைத் திறந்திருக்கலாமே என்கிறீர்கள். நியாயமான கேள்விதான். எழுந்து போய்க் கைப்பிடியில் கைகூட வைத்தேன். ஆனால் திறந்தால் காற்று உள்ளே போய்விடுமே, ஐயா.