நாளை எங்கள் களத்துக்கு வாருங்கள்

பெயர் சொல்லாமல் வணங்க வேண்டிய தலைவர் அவர்களே! குடியை விட்டவர் என்று ஊரறியப் பெயர் சொன்னால் கோபித்துக்கொள்ளும் மேடைப் பெரியவர்களே! அடுப்பை அணைத்துவிட்டு, அழுகையை அடக்கிக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே! முன்னால் வர வெட்கப்பட்டுப் பந்தல் காலுக்குப் பின்னால் நிற்கும் ஆண்மக்களே! அறுவடைக்குப் போய் வந்த கைகளைக் கூப்பி உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

எனக்கு மேடை புதிதல்ல. கூலிப் போராட்டத்தில் மிராசுதார் வாசலில் நின்று பேசியவள் நான். அரிவாளுக்கு அஞ்சவில்லை, அடியாளுக்கு அஞ்சவில்லை, அடித்து இழுத்த போலீசுக்கும் அஞ்சவில்லை. இன்று அஞ்சுகிறேன். எதற்கென்று கடைசியில் சொல்கிறேன்.

சாராயக் கடையை மூடினார்கள், திறந்தார்கள். மூடியபோது வாய்க்கால் மறைவில் குடித்தார்கள். திறந்தபோது வாசலில் நின்று குடிக்கிறார்கள். வேறென்ன வித்தியாசம் கண்டோம்? சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், வீட்டுக்குப் போனால் அழத்தானே போகிறோம்.

என் வீட்டுக்காரர் போன வருஷம் நாற்றங்காலில் ரத்தமாக வாந்தியெடுத்தார். ஆஸ்பத்திரி டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "இனிமே குடிச்சா பிழைக்க மாட்டாரும்மா" என்றார். கும்பகோணத்தில் குடியை விட்டவர்கள் வாராவாரம் கூடுகிறார்களாம், அங்கே அழைத்துப் போ என்றார். எந்தத் தெரு என்று அவருக்கும் தெரியவில்லை. பலகை கிடையாது, நோட்டீஸ் கிடையாது. வருகிறவர்களுக்கு வெட்கம். அதோடு கூலித் தகராறு முற்றியிருந்த நேரம். நாலு ஏழைகள் கதவைச் சாத்திக்கொண்டு பேசினால் போலீஸ் வண்டி வந்துவிடும்.

பஸ் ஏறிப் போனேன். கும்பகோணத்தில் கூட்டம் எங்கே நடக்கிறது என்று கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? ஒருவர் ஆளுங்கட்சிக் கூட்டத்துக்கு வழி சொன்னார். ஒருவர் எதிர்க்கட்சிக் கூட்டத்துக்கு வழி சொன்னார். குடியை விட்டவர்கள் கூட்டம் என்றதும் இரண்டு பேரும் ஒரே மாதிரி சிரித்தார்கள். அந்த ஒரு விஷயத்தில் இரண்டு கட்சிக்கும் ஒற்றுமை!

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரரை வீட்டில் தனியே விட்டு வந்திருந்தேன். அப்போதுதான் ஒன்று தோன்றியது. யார் குடியை விட்டார்கள் என்று யாருக்குத் தெரியும்? போலீசுக்குத் தெரியுமா? பூசாரிக்குத் தெரியுமா? வராமல் நின்றுபோனவர்களை விற்கிறவருக்குத்தானே தெரியும்? நேராக மார்க்கெட் சாராயக் கடைக்கு நடந்தேன்.

நீங்களே சொல்லுங்கள், தாய்மார்களே. ஒரு பெண்பிள்ளை போய் நிற்கிற இடமா அது? கடைக்காரர் உலகநாதன், நான் சண்டைக்கு வந்ததாக நினைத்து, உன் புருஷன் பெயரைச் சொல், உள்ளே இருக்கிறானா பார்க்கிறேன் என்றார். நம் வீடுகளில் புருஷன் பெயரைச் சொல்கிற வழக்கம் உண்டா? நீலாம்பாளோட அப்பா என்றேன். குடித்துக்கொண்டிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

"அவரத் தேடி வரலண்ணே. இங்க வந்துக்கிட்டிருந்து, நின்னுபோனவங்க யாராச்சும் இருக்காங்களா?"

சிரிப்பு நின்றது. உலகநாதன் என் முகத்தைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த வெற்றிலை மண்டியைக் காட்டினார்.

"அங்க போயிக் கேளும்மா. நான் காட்டுனேன்னு சொல்லாத."

இதோ, ஊரறியச் சொல்லிவிட்டேன். அவர் மன்னிக்கட்டும்.

மண்டிக்காரர் நாளும் நேரமும் சொன்னார். மறுவாரம் என் வீட்டுக்காரரை அங்கே அழைத்துப் போனேன். மண்டியை ஒட்டி, தெருவைப் பார்த்த ஒரு சின்ன அறை. நான் வாசற்படியில் உட்கார்ந்தேன். உள்ளே ஒவ்வொருவரும் எழுந்து, தன் பெயரைச் சொல்லி, நான் குடிகாரன் என்றார். இவர் முறை வந்தது. எழுந்தார். வாய் திறக்கவில்லை. அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஒரு போலீஸ் வண்டி வந்து நின்றது. போராட்டத்தில் வாங்கிய அடியின் தழும்பு இன்னும் அவர் முதுகில் இருக்கிறது. முகம் வெளுத்து வெளியே வந்தார். அந்தப் படியைத் தாண்டினால் எதிரே என்ன? உலகநாதன் கடை!

என்ன செய்வேன்? கையைப் பிடித்தால் உதறுவார். அழுதால், என் அழுகை அவருக்குப் பழகிய அழுகை. வேறு வழி தெரியாமல் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து என் நாக்கில் வராத பெயர். "உள்ள போயி உட்காருங்க" என்றேன். அவர் அப்படியே நின்றார். வண்டி எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. அவர் உள்ளே திரும்பிப் போய், அதே பெயரைத் தன் வாயால் சொன்னார். அன்றிலிருந்து இன்றுவரை அவர் குடிக்கவில்லை.

என்ன பெயர் என்கிறீர்களா, பின்னாலிருக்கும் அண்ணே? சொல்ல மாட்டேன். திரும்பிப் பார்த்துத் தேடவும் வேண்டாம்.

இப்போது என் பயத்தைச் சொல்கிறேன். நாளை மாலை எங்கள் நெற்களத்தில் கண்டுமுதல், விளைந்ததை அளக்கும் நாள். நெல்லை அளந்து முடித்ததும் கூலி வரும். கூலியோடு சாராயக் கேன் வரும். மிராசுதார் தன் கையாலேயே ஊற்றுவார். வேண்டாமென்றால் மரியாதை கெட்டவன் என்பார்கள். வாங்கினால்? டாக்டர் சொன்னது இன்னும் என் காதில் கேட்கிறது. கூலியைக் கேட்டு வாங்கக் கற்றோமே, கொடுக்கிற கேனை மறுக்கக் கற்றோமா? போராடிப் பெற்றதைக் குடித்துத் தொலைக்கவா போராடினோம்? கைக்குழந்தைகளைக் கட்டிக்கொண்டு சிறைக்குப் போனது இதற்காகவா?

குடியை விட்டவர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். நாளை எங்கள் களத்துக்கு வாருங்கள். கொடி வேண்டாம், கோஷம் வேண்டாம். என் வீட்டுக்காரருக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் சும்மா நில்லுங்கள். நீங்கள் நின்றால் நான் அவரைக் கூப்பிட வேண்டியிருக்காது. யாரும் வராவிட்டால், அத்தனை பேர் நடுவிலும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூவுவேன். ஆனால் இரண்டாம் முறையும் திரும்புவாரா என்று எனக்குத் தெரியவில்லையே!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. பெயர் சொல்லாத எல்லோருக்கும் வணக்கம். நாளை களத்தில் உங்களை எதிர்பார்த்து நிற்பேன்.