குலாம்போவும் குலுங்கானும்

என் பெயர் கொன்சோலசியோன் அபாட், வயது அறுபத்தேழு, லகுனா மாகாணம், ஆற்றங்கரைத் தெருவில் வசிக்கிறேன், ஓய்வுபெற்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியை. எழுதிக்கொள்ள வசதியாக மெதுவாகச் சொல்லும்படி காவல் அதிகாரி கேட்டுக்கொண்டார்.

ஆசிரியை ஹாஸ்மின் தோலென்டினோவின் இரண்டாம் வகுப்புக்கு நான் உதவிக்குப் போய் வருகிறேன். பிள்ளைகளின் கூச்சல் தாங்காமல், வேலையை விட்டுவிட்டு ஹாங்காங்கில் வீட்டு வேலைக்குப் போவதாக அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அதன் பிறகு நாங்கள் இருவரும் வகுப்பின் மூலையில் ஒரு ரோஜா நிறக் கொசுவலையைத் தொங்கவிட்டோம். மனம் கொதிக்கும் பிள்ளை தானே உள்ளே போய், தணிந்ததும் தானே வெளியே வரலாம். உதாரணமாக, சத்தம் கூடினால் தன் கையையே கடித்துக்கொள்ளும் சிறுமி ரைசா, உள்ளே சற்று உட்கார்ந்தால் கடிப்பதில்லை. வலைக்குக் கதவும் இல்லை, பூட்டும் இல்லை. அதன் பிறகு ஒருநாள் அழுகை வந்து ஹாஸ்மினே உள்ளே போய் உட்கார, வகுப்பு முழுவதும் அடங்கியது. அன்று முதல் அவரும் அவ்வப்போது போவது வழக்கமானது.

நேற்று மாலை ரைசா தன் தந்தை நெஸ்டரின் டிரைசைக்கிளில் போகும்போது, தான் குலாம்போவில், அதாவது கொசுவலையில், இருந்ததாகச் சொல்லியிருக்கிறாள். எஞ்சின் இரைச்சலில் அவர் காதில் அது குலுங்கான், அதாவது கூண்டு, என்று விழுந்திருக்கிறது. அதன் பிறகு இன்று காலை இந்தக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டு, பரங்காய், அதாவது ஊராட்சி, காவலர் ஒருவருடன் வகுப்புக்குள் நுழைந்து, "எங்க அந்தக் கூண்டு? எம் பொண்ண அடைச்ச மேம் எங்க?" என்று சத்தம் போட்டார்.

ரைசா ஓடி வந்து வாயில் விரல் வைத்து, "அப்பா, கத்தாதீங்க. மேம் உள்ள இருக்காங்க" என்றாள்.

அவர் வலையை விலக்கினார். ஹாஸ்மின் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இவங்கள யாரு அடைச்சா?"

"யாரும் இல்லப்பா. நாங்க ரொம்ப ஆட்டம் போட்டோம்."

காவலர் சிரிப்பை அடக்க முடியாமல், "நெஸ்டர், முதல்ல உன் வண்டி சைலன்சர மாத்துப்பா" என்றார்.

புகார் பதிவாகிவிட்டதால் அனைவரும் இங்கே வந்தோம். வரும் வழியில் ஹாஸ்மின் என்னிடம், "போதும் மேம். அந்த ஹாங்காங் ஏஜென்டுக்குப் போன் பண்ணப் போறேன்" என்றார். அதன் பிறகு இந்த நிலைய வராந்தாவில் ரைசாவின் தந்தை தொப்பியைக் கழற்றிக்கொண்டு எங்கள் முன் வந்து நின்றார்.

"தப்பாக் கேட்டுட்டேன் மேம். புகார வாபஸ் வாங்கிக்கறேன். நாளைக்கு இவளுக்கு வகுப்பு இருக்குல்ல?"

ஹாஸ்மின் ரைசாவைப் பார்த்தார், கையிலிருந்த கைப்பேசியைப் பைக்குள் போட்டார். பிறகு, "இருக்கு. கழித்தல் கணக்கு. விரல் விட்டு எண்ணாம போடணும்னு சொல்லிக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

நான் கண்டதும் கேட்டதும் இவ்வளவே. எழுதியதை அதிகாரி படித்துக் காட்டக் கேட்டு, கூட்டவோ குறைக்கவோ ஏதுமில்லை என்று கண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) கொ. அபாட்