பட்டியலில் ஒன்பது நாள்

என் பெயரையும் வீட்டு முகவரியையும் முதல் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வயது நாற்பத்தேழு. வாகனக் காப்பீட்டு நிறுவனத்தில் பதினெட்டு வருட வேலை. எங்களிடம் காப்பீடு செய்த வண்டிகளைப் பழுது பார்க்கும் ஒர்க்‌ஷாப்புகளை விசாரித்து, அங்கீகாரப் பட்டியலில் சேர்ப்பது என் பொறுப்பு. என்னை யாரும் பிடித்து வரவில்லை, நானாகத்தான் வந்தேன். கொஞ்சம் சீக்கிரம் எழுதிக்கொள்ளுங்கள்.

போன வருடம் என் தம்பி இறந்தான். காரை சர்வீஸுக்கு விட்டு எடுத்த நான்காம் நாள், இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் சுவரில் மோதினான். வண்டி எரிந்துபோனதால் சோதித்துப் பார்க்க வழியில்லை. ஒர்க்‌ஷாப் முதலாளி இதே போலீஸ் நிலையத்தில் உட்கார்ந்து, புது பிரேக் பேடு போட்டதாக பில்லைக் காட்டினார். அதன் பிறகு, ஓட்டியவரின் அதிவேகமே காரணம் என்று எழுதி வழக்கை முடித்துவிட்டீர்கள். நியாயம் கேட்கப் போன தம்பி மனைவியை அந்த ஆள் வாசலிலேயே நிறுத்தி, "உங்க வீட்டுக்காரர் பறந்து பறந்து ஓட்டிட்டு, பழிய எங்க தலையில கட்டாதீங்கம்மா" என்றிருக்கிறார். அந்த ஆள் என்று எழுதக்கூடாதாம், அவர் என்றே எழுதிக்கொள்ளுங்கள். அன்று எரிந்த என் வயிறு இன்னும் அணையவில்லை. வேகம் என்ற அந்த ஒரு சொல்லை அடித்துவிட்டு, அதற்குக் காரணமானவரையும் அடியோடு சாய்க்க வேண்டும் என்பதுதான் என் நோக்கம்.

ஏழு மாதம் பொறுத்தேன். அதன் பிறகு, புது ஒர்க்‌ஷாப் தேவை என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்ததும் அவருக்கு நானே அழைப்பு அனுப்பினேன். எங்கள் பட்டியலில் இடம் கிடைத்தால் வண்டிகள் வரிசைகட்டி வரும். மறுநாளே வாயெல்லாம் பல்லாக வந்து நின்றார். நான் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தவள் என்பதால் அவருக்கு என்னை அடையாளம் தெரியாது.

பட்டியலில் சேருபவர் முந்தைய வருடத்தில் முந்நூறு வண்டியாவது பார்த்திருக்க வேண்டும். அதற்கு அசல் வேலைச் சீட்டுகளைக் காட்ட வேண்டும். எதைக் கழற்றினேன், எதை மாட்டினேன் என்று மெக்கானிக் தன் கையால் எழுதுவது வேலைச் சீட்டு. பில்லில் முதலாளி என்ன வேண்டுமானாலும் அளக்கலாம், சீட்டில் மெக்கானிக் அளக்க மாட்டார், ஸ்டோரில் சாமான் கணக்கு இடித்தால் அவர் தலைதான் உருளும். சீட்டுக்கு வரிசை எண்ணும் உண்டு, கிழித்துப் போட்டால் ஆய்வில் மாட்டிக்கொள்வார்கள்.

அவர் இரண்டு கட்டுகளை மூன்று மாடி சுமந்து வந்தார். இருநூற்றெண்பத்தெட்டு சீட்டு இருந்தது, தம்பியுடையது இல்லை. தண்ணீர் கொடுத்து, "பன்னெண்டு குறையுதே சார்" என்றேன்.

"அதெல்லாம் கிழிசலா இருக்கும்மா, அதான் ஒதுக்கி வெச்சுட்டேன்."

"கிழிஞ்சா என்ன, எண்ணிக்கைதானே கேக்குறாங்க. நான் என்ன ஒவ்வொண்ணா உக்காந்து படிக்கவா போறேன்?"

இருவரும் சிரித்தோம். மறுநாள் பதினான்கு சீட்டு கொண்டுவந்தார். ஒன்பதாவது என் தம்பியுடையது. புது பேடு ஸ்டாக் இல்லை, முதலாளி சொன்னபடி பழையதையே தேய்த்து மாட்டியது என்று பென்சிலில் எழுதியிருந்தது. அந்தச் சீட்டை இப்போது ஒப்படைக்கிறேன்.

அன்றே ஓடி வந்திருக்க வேண்டும், வரவில்லை. சும்மா பிடித்துக் கொடுத்தால் எனக்கு ஆறாது. உச்சியில் ஏற்றி உட்கார வைத்துத்தான் தள்ள வேண்டும் என்று ஒப்புதல் கொடுத்தேன். அதன் பிறகு அவர் பெரிய பலகை மாட்டி, சொந்தக்காரர்களை எல்லாம் அதன் கீழே நிறுத்திப் படம் எடுத்து, "எல்லாம் உங்க தயவுதாம்மா" என்று எனக்கே அனுப்பினார். ஒன்பது நாள் அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து ரசித்தேன். மனசு குளுகுளுவென்று இருந்தது, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இன்று காலை அவரை நீக்கும் கடிதம் அடிக்க உட்கார்ந்தேன். அதுவரை அங்கே அனுப்பிய வண்டிகளின் விவரத்தையும் அதில் சேர்க்க வேண்டும். கம்ப்யூட்டரில் ஆறு வண்டி வந்தது, ஆறும் என் ஒப்புதலை நம்பிப் போனவை. ஒன்பது நாளும் அந்த ஆறு பேர் என் நினைப்பிலேயே இல்லை. அதன் பிறகு ஒவ்வொருவராக அழைத்து, வண்டியை எடுக்காதீர்கள் என்றேன். ஐந்து பேர் நிறுத்திவிட்டார்கள். அதில் ஒரு வண்டியில் பழைய பேடுதான் இருந்தது, வண்டிச் சேதத்தை மதிப்பிடும் எங்கள் சர்வேயர் போய்ப் பார்த்தார். ஆறாவது வண்டி ஒரு பெண்ணுடையது. அவர் அம்மாதான் போனை எடுத்தார். "போனை வெச்சுட்டுப் போயிட்டாம்மா. புள்ளைங்கள கூட்டிக்கிட்டு மலைக்குப் போயிருக்கா, சாயங்காலம்தான் இறங்குவா."

நீல நிறக் கார், எண் தனித்தாளில் இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் இதைத்தான் முதலில் சொன்னேன். பெயர், வயதிலிருந்து வரிசையாகச் சொன்னால்தான் எழுத முடியும் என்றீர்கள், சொல்லிவிட்டேன். என்னைக் கைது செய்வதை அப்புறம் பார்க்கலாம், இப்போது மணி மூன்றரை, மலைச் சோதனைச் சாவடிக்குப் போன் போடுங்கள். சொன்னதெல்லாம் உண்மை, யாரும் என்னை மிரட்டவில்லை. படித்துக் காட்ட வேண்டாம், நேரம் போகிறது, கையெழுத்துப் போட்டுவிட்டேன்.