மூன்று நிற மோதிரக் கை

வில்லியனூரில் பாகூர் பஸ் ஏறி நின்றபோது, முன் சீட்டிலிருந்த இளம்பெண் என் கையைத்தான் கேலி செய்கிறாள் என்று நம்பினேன்.

"இன்னா அத்தை இது, ஒரே கையில தங்கம், வெள்ளி, செம்பு! கவரிங் கடை மாதிரி இருக்கு."

கம்பியைப் பிடித்திருந்த என் கையிலும் அதே மூன்று மோதிரங்கள். மூன்றும் ஜோசியருக்குப் பயந்து போட்டவை. சட்டென்று கையைப் பாக்கெட்டில் ஒளித்தேன். பிரேக் போட்டதும் கண்டக்டர் மடியில் உட்கார்ந்து எழுந்தேன். அப்போதுதான் அவளும் பக்கத்திலிருந்த அத்தையும் செல்போனில் ஒரு மாப்பிள்ளை போட்டோவைப் பார்ப்பது தெரிந்தது.

"ஜோசியர் போடச் சொல்லியிருப்பாருடி. அடக்கமான புள்ள."

"நாளைக்கு நான் வேலைக்குப் போவக் கூடாதுன்னு ஜோசியர் சொன்னா, அதையும் கேப்பாரா?"

"நம்பர்தான் இருக்கே, நீயே கேளு. ஸ்பீக்கர்ல போடு."

போட்டாள். "மூணு மோதிரமும் யார் போடச் சொன்னாங்க?" என்று நேராகவே கேட்டாள்.

"யாரும் சொல்லலீங்க. தங்கம் அம்மா போட்டது. வெள்ளி நானே வாங்கினது. செம்பு, நம்ம மோட்டார் ரிப்பேர் கடையில காயில் சுத்தறப்ப மிஞ்சுன கம்பி. மூணு கலரும் சேந்தா அழகா இருக்குன்னு போட்டுக்கினேன்."

"அழகால்லாம் இல்ல."

"கழட்டிடவா?"

"ஐய, அதுக்குள்ளயா? இருக்கட்டும். நான் வேலைக்குப் போவேன், அதுக்கு இன்னா சொல்றீங்க?"

"போங்க. நானும் கடைக்குப் போயிடுவேன், வூட்ல ஒண்டியா ஒக்காந்து இன்னா பண்ணுவீங்க?"

பாகூர் வருவதற்குள் அத்தை வீட்டுக்குப் போன் செய்து, மாப்பிள்ளை வீட்டாரை ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வரச் சொல்லலாம் என்று சொல்லிவிட்டார்.