அளவு தவறிய போல்ட்

பழைய எண்ணெயை நான் ஒருநாளும் சாக்கடையில் ஊற்றியதில்லை. நான் எப்படிப்பட்ட ஆள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஆய்வாளர் ஐயா. புட்டியில் பிடித்து, இறுக மூடி, மேலே தேதி எழுதி வைப்பேன். எங்கள் பால்கனியில் அப்படி ஆறு புட்டிகள் நிற்கின்றன. என் மனைவி அவற்றை "உங்க பரம்பரைச் சொத்து" என்பாள்.

எழுதுகிற காவலர் நிதானமாகவே எழுதட்டும். இன்றைக்கு விடுப்பு சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

என் வேலை லிஃப்ட் சோதனை. கட்டடம் கட்டடமாகப் போய், கம்பி, பிரேக், கதவு எல்லாவற்றையும் பார்த்து, சரியாக இருந்தால் கையெழுத்துப் போட்ட தாளை உள்ளே ஒட்டிவிட்டு வருவேன். இருபத்திரண்டு வருஷமாக இந்த ஊரில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் என் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டேதான் நிற்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட ஒரேயடியாக மேலே போனதில்லை.

சைக்கிளுக்கு வருகிறேன். மலைப்பாதையில் ஓட்டுகிற சைக்கிள். வாங்கிப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. முன் சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஃபோர்க்கில் சஸ்பென்ஷன் உண்டு. மேலே இரண்டு மெல்லிய குழாய், கீழே இரண்டு தடித்த குழாய். மெல்லியது தடித்ததற்குள் போய் வரும். உள்ளே ஸ்பிரிங்கும் எண்ணெயும். சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் அந்த அடி உங்கள் தோளுக்கு வராமல் ஃபோர்க்கே வாங்கிக்கொள்ளும், சத்தம் போடாமல். எங்கள் குடும்பத்தில் நான் வகித்த பதவியும் ஏறக்குறைய அதுதான்.

ஆனால் அந்த ஃபோர்க் சத்தம் போட ஆரம்பித்திருந்தது. எண்ணெயை அடைக்கிற ரப்பர் சீல் காய்ந்துவிட்டது, ஸ்பிரிங் துவண்டுவிட்டது, மேடு வந்தால் முனகும். என் மனைவியின் அண்ணன் அதைக் கேட்டுவிட்டார். அவர் மிதிவண்டிக் கழகத்தின் தலைவர். தேர்தல் ஏதும் நடந்ததாக எனக்கு நினைவில்லை. கூட்டத்தில் ஒரே ஒரு நாற்காலிக்குக் கைப்பிடி இருந்தது, அதில் அவர் போய் உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

"மாப்ளே, இது ஓட்டுற வண்டியா, ஒப்பாரி வைக்கிற வண்டியா? தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க" என்றார்.

நான் வாங்கவில்லை. பால்கனியில் செய்தித்தாளை விரித்து ஃபோர்க்கைக் கழற்றினேன். ஐந்து வாரம் ஆயிற்று. உள்ளே இருந்த எண்ணெய் காப்பிக் கசடு மாதிரி இருந்தது. புது மாடலின் உட்பாகம் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். அது ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன் கூடுதல். அரத்தால் ராவி ராவி, தேய்த்துத் தேய்த்து, நாலு நாளில் உள்ளே இறக்கினேன். எண்ணெயை ஊசி போடும் சிரிஞ்சில் அளந்து விட்டேன். கடைசியாக அடியில் இரண்டு போல்ட். கீழ்க்குழாயை மேல்குழாயோடு பிடித்து வைத்திருப்பவை அவைதான். அளவு காட்டும் ஸ்பேனரால் முறுக்கினேன்.

ஹேண்டிலை அழுத்தினேன். இறங்கியது. ஒரு மூச்சு நேரம் நின்று மேலே வந்தது. சத்தமே இல்லை. அன்று மாலை நாற்பது தடவை அழுத்தியிருப்பேன். மனைவி எட்டிப் பார்த்தாள். "இந்தப் பொறுமை எங்கிட்ட மட்டும் எங்க போகுது?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

மைத்துனர் வந்தார். சைக்கிளைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள் எல்லோரும் செய்கிற காரியத்தைத்தான் அவரும் செய்தார். ஹேண்டிலைப் பிடித்து இரண்டு தடவை அழுத்தினார், கண்ணை மூடிக்கொண்டார், "ம்... கொஞ்சம் இறுக்கமா இருக்கே" என்றார்.

அது இறுக்கமாக இல்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கழகம் புதிதாகப் போட்ட காட்டுப்பாதையை அவர் திறந்து வைக்கப் போகிறாராம். பழைய வண்டி ஒன்றில் வந்தால் எடுப்பாக இருக்குமாம். கேட்டார்; கொடுக்கிறேன் என்றேன். மறுநாள் நோட்டீஸ் வந்தது. மாலையும் கழுத்துமாக அவர் படம். கீழே, "தலைவர் தம் கையாலேயே புதுப்பித்த வண்டியில் பவனி வருகிறார்."

போன் செய்து கேட்டேன்.

"அட, நீங்க பண்ணா என்ன, நான் பண்ணா என்ன மாப்ளே? குடும்பம்தானே" என்றார்.

மனைவியிடம் சொன்னேன். "அண்ணன் பேரு வந்தா நம்ம பேரு வந்த மாதிரிதானே. இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு" என்றாள். நான் முகத்தை எங்கும் தூக்கி வைக்கவில்லை. எனக்குக் கோபம் வராது. யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

திறப்பு விழா அன்று வண்டியை நானே உருட்டிக்கொண்டு போய், சாய்பலகை வழியாக மேடையில் ஏற்றினேன். தூக்கித் தருகிறோம் என்று இரண்டு பேர் வந்தார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். மேடையின் முன்பக்கம் நேர் பள்ளம், தொண்ணூற்றைந்து சென்டிமீட்டர். முந்தின நாளே போய் அளந்திருந்தேன். எதையும் அளந்து பார்ப்பது என் பழக்கம்.

மைத்துனர் இருபத்தைந்து நிமிஷம் பேசினார். பெரும்பாலும் ஃபோர்க்கைப் பற்றி. ரப்பர் சீல் எந்தப் பக்கம் பார்த்து உட்கார வேண்டும் என்று விளக்கினார். தப்பான பக்கம் சொன்னார். கூட்டம் கை தட்டியது. வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் நான் கிட்டே போய்ச் சொன்னேன்: "மச்சான், சாய்பலகை வழியா மெதுவா உருட்டிக்கிட்டே இறங்கிடுங்க. முன் சக்கரத்தைத் தூக்காதீங்க. உங்க வயசுக்கு அது வேணாம்."

மைக் அணைக்கப்படாமல் இருந்தது. எல்லோருக்கும் கேட்டது. முன்வரிசையில் சிரித்தார்கள்.

"வயசா? எனக்கா? மாப்ளே, கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க" என்றார்.

தள்ளி நின்றேன்.

இருபத்தாறு வருஷமாக எனக்கு அவரைத் தெரியும். "இருந்து சாப்பிட்டுப் போங்க" என்றால் கிளம்பிவிடுவார். "நேரமாச்சு, கிளம்புங்க" என்றால் காலை நீட்டி உட்கார்ந்துவிடுவார். ஆனாலும் நான் எச்சரித்தேன். இருநூறு பேர் சாட்சி.

மேடை விளிம்பில் ஹேண்டிலை இழுத்துத் தூக்கினார். வண்டி அவரோடு எழும்பியது. முன் சக்கரம் கீழ்க்குழாய்களோடு தனியாகக் கழன்று, தன் பாட்டுக்குக் கூட்டத்துக்குள் உருண்டு போனது. அவர் மற்ற பாதியோடு இறங்கினார். நாலு நாள் மருத்துவமனையில் இருந்தார். ஐந்தாம் நாள் இல்லை.

அன்று மாலையே கழகத்துச் செயலாளர் ஒரு விஷயத்தை எல்லோரிடமும் சொல்லிவிட்டார்: ஃபோர்க்கைப் பழுது பார்த்தது தலைவர் இல்லை, அவருடைய தங்கை கணவர். ஆக, அந்த வேலைக்கு என் பெயர் கிடைத்தது.

பிறகு உங்கள் அறிக்கை வந்தது. "அளவு தவறிய போல்ட்டைக் கவனக்குறைவாகப் பொருத்தியதால் நேர்ந்த விபத்து." என் மனைவி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணும்னா செஞ்சீங்க? ஏதோ அளவு மாறிப் போச்சு. மனுஷங்கதானே, விடுங்க" என்று அழுதாள். என் கல்யாண வாழ்க்கையில் இவ்வளவு கேவலமாக யாரும் என்னைப் பேசியதில்லை.

அலுவலகத்தில், நான் கையெழுத்திட்ட லிஃப்டுகளையெல்லாம் வேறொருவரை விட்டு மறுபடி சோதிக்கப் போகிறார்களாம். அந்த வேறொருவர் அளவு நாடாவைத் தலைகீழாகப் பிடிக்கிறவர். நேற்று எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடிக்காரர் லிஃப்டுக்குள் காலை வைத்தார், என் கையெழுத்தைப் பார்த்தார், காலை வெளியே எடுத்தார். முட்டி வலிக்காரர், ஐயா. படியேறிப் போனார்.

அதனால்தான் வந்தேன்.

இந்தத் துணிப் பொட்டலத்தைப் பிரித்துப் பாருங்கள். வெட்டிய துண்டுகள் இரண்டு. உங்களிடம் இருக்கிற போல்ட்டுகளோடு ஒட்டிப் பாருங்கள், மயிரிழை விலகாது. ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு மில்லிமீட்டர் அறுத்தேன். பதினொன்று என்றால் உள்ளே கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். வெட்டியது தெரியாமல் ஓரத்தை மட்டும் அரம் போட்டு மழுக்கினேன். எண்ணெய் ஒழுகாமல் துளையை அடைக்க வேண்டுமே என்று ரப்பர் பசை வைத்து அமர்த்தினேன். சமதரையில் ஒன்றும் தெரியாது. உட்காருகிற ஆளின் எடையே அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். சக்கரம் தரையில் இருக்கிறவரை யாருக்கும் ஆபத்து இல்லாத ஏற்பாடு. தரையை விட்டு எழும்புகிறவர்களுக்கு மட்டும்தான். நோட்டீஸ் வந்த மறுநாள் மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன், மூன்றரை மணிக்கெல்லாம் முடித்துவிட்டேன்.

பகையா என்று கேட்கிறீர்கள். அவர் மேல் எனக்கு ஒரு பகையும் இல்லை. அந்த நோட்டீஸில் வேறு யார் பெயர் இருந்திருந்தாலும் இதையேதான் செய்திருப்பேன்.

நான் கேட்பது ஒரு சின்னத் திருத்தம்தான். இரண்டாம் பக்கத்தில் "அளவு தவறிய" என்பதை அடித்துவிட்டு "அளந்து அறுத்த" என்று போடுங்கள். "கவனக்குறைவாக" என்று இருக்கிற இடத்தில் "கவனமாக." எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். நகல் ஒன்று மட்டும் கொடுத்துவிடுங்கள். எங்கள் குடியிருப்பு லிஃப்டில், என் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். மூன்றாம் மாடிக்காரர் இனிமேல் பயப்படாமல் ஏறலாம்.