ஒற்றைக் கதவு

எனக்குக் கால் வலி உண்டு. நாள் முழுக்க நின்று பரிமாறுகிற எல்லாருக்கும் உண்டு, அதனால் அதை நான் பெரிதாகச் சொல்வதில்லை. நீங்கள் நாற்காலி போட்டு உட்கார வைத்துக் கேட்கிறீர்கள் ஐயா, அதனால் சொல்கிறேன். எங்கள் ஓட்டலில் வேலை நேரத்தில் யாரும் உட்காரக் கூடாது.

கதவைப் பற்றித்தானே கேட்டீர்கள். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே இரண்டு கதவுகள், போக ஒன்று, வர ஒன்று. ஒன்றின் கீல் உடைந்ததும் முதலாளி அதை ஆணி அடித்து மூடிவிட்டார். "ஒரே கதவுல போய் வந்தா யாரும் தேஞ்சுட மாட்டீங்க" என்றார். மிச்சமிருந்த கதவில் எதிரே வருவது தெரியக் கண்ணாடியும் இல்லை. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம். கதவை நெருங்குகிறவர் "கதவு" என்று குரல் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கம் இருப்பவர் ஒதுங்கி நிற்க வேண்டும்.

என்னோடு பரிமாறியவளை வாயாடி என்றுதான் கூப்பிடுவோம். பாத்திரம் கழுவும் தொட்டியோடுகூடப் பேசுவாள். என் வீட்டுக்காரர் வேலை போய்ப் படுத்திருந்தபோது தன் டிப்ஸை என் பையில் திணித்து, "வாயை மூடிட்டு வாங்கிக்கோக்கா, இங்க நான் மட்டும்தான் பேசணும்" என்றாள். கூடப் பிறந்தவள்கூட அப்படிச் செய்ய மாட்டாள். அதை நான் மறக்கவில்லை.

சம்பளம் வாடகைக்கே காணாது, டிப்ஸில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். தட்டு உடைந்தாலும் பிடிப்பார்கள், சாப்பிட்டவன் காசு தராமல் நழுவினாலும் எங்களிடம்தான் பிடிப்பார்கள். அப்படியிருக்க, வியாபாரம் டல், மாதக் கடைசியோடு உங்களில் ஒருத்தி போதும் என்றார் முதலாளி. வருகிறவர்கள் யாரைக் கேட்கிறார்கள் என்று பார்த்து முடிவு செய்வாராம். எல்லாரும் அவளைத்தான் கேட்பார்கள். எனக்குச் சிரித்துப் பேச வராது. வீட்டுச் சொந்தக்காரம்மா என் சாமான்களைத் தெருவில் வைப்பதாக ஏற்கெனவே சொல்லியிருந்தாள். என் பெண்ணுக்கோ பரீட்சை நேரம்.

அன்று மதியம் நல்ல கூட்டம். நான் காலித் தட்டுகளோடு கூடத்துப் பக்கம் நின்றேன். அவள் உள்ளேயிருந்து கொதிக்கும் சூப்பைப் பெரிய பாத்திரத்தில் தூக்கி வந்தாள். கதவு அவள் மேல் மோதியது. கழுத்து, மார்பு, வலது கை எல்லாம் வெந்துபோயின. அவள் அலறியது தன் கனவில் வருகிறது என்கிறார் சமையல்காரர். எனக்கு விழித்திருக்கும்போதே கேட்கிறது.

அவளைக் குழாயடியில் பிடித்து நிறுத்தித் தண்ணீர் விட்டது நான்தான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனதும் நான்தான். "கதவைச் சரி பண்ணியிருந்தா இது நடக்குமா?" என்று முதலாளியின் சட்டையைப் பிடித்தபோது எல்லாரும் என் பின்னால் நின்றார்கள். மறுநாளே புதுக் கீல் வந்தது. அவர் செய்தது அநியாயம்தான், அதில் பொய் இல்லை. ஆனாலும் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. அவருக்கு ஒருத்தி வேண்டுமே.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைப் பார்க்கப் போகிறேன். வலது கை விரல்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன, இனி அவளால் தட்டு ஏந்த முடியாது. நான்தான் ஊட்டிவிடுகிறேன். இப்போதெல்லாம் அவள் அதிகம் பேசுவதில்லை, ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்கிறாள்.

"நான் குரல் குடுத்தேனாக்கா? குடுத்த மாதிரிதான் இருக்கு. சரியா ஞாபகம் வரல."

"இல்லடி, அன்னிக்கு மறந்துட்ட."

"ஊருக்கே கேக்கற மாதிரி கத்துவேனே, அன்னிக்கு மட்டும் என் வாய்க்கு என்ன கேடு" என்று தன்னையே திட்டிக்கொண்டு அழுவாள். நான் கண்ணைத் துடைத்துவிடுவேன். ஏதோ ஒரு பதில் கிடைத்தால் அவள் மனசு ஆறும் என்றுதான் அப்படிச் சொன்னேன்.

பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அவள் அப்படியே சொல்ல, இப்போது முதலாளி அதையே பிடித்துக்கொண்டார். குரல் கொடுக்காதது அவள் தப்பு, நஷ்டஈடு தர முடியாது என்கிறார். பக்கத்தில் இருந்த ஒரே சாட்சி நான் என்று நீங்களும் என்னை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். சோறு இறங்கவில்லை ஐயா. எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் குரல் கொடுத்தாள். "கதவு, சூடு வருது, கதவு" என்று இரண்டு தடவை சொன்னாள். அந்தக் குரல் பக்கத்தில் வரும்வரை காத்திருந்து, வலிக்கிற இந்தக் காலால்தான் கதவை உதைத்தேன்.